பல்லைக் கொடுத்துக் குரலை வாங்கியவர்

கல்ச்சுரல்ஸ்ல நாடகம் நடக்குது. ஹீரோ கதவைத் தட்டுறார். தட்டுற சத்தம் ரெண்டு செகண்ட் கழிச்சு ஸ்பீக்கர்ல வருது. ஆடிட்டோரியம் மொத்தமும் சிரிக்குது. சோகக் காட்சி அதோட முடிஞ்சுது. ஒரு மாசம் பண்ணின ஒத்திகையை அந்த ரெண்டு செகண்ட் காலி பண்ணிடும். இதை நீங்க பார்த்திருப்பீங்க. ஒருவேளை லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்ததே நீங்களா இருக்கலாம்!

இந்த ரெண்டு செகண்டை ஜெயிக்கறதுக்காக வந்ததுதான் ஷோ கண்ட்ரோல். விஷயம் ரொம்ப எளிமையானது. நாடகத்தில் வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்து, வரிசையாக ஒரு பட்டியல் போடுவோம். ஒவ்வொரு வரியும் ஒரு க்யூ. எந்த வசனம் முடிந்ததும் தொடங்கணும், எந்த ஸ்பீக்கரில் வரணும், எத்தனை செகண்டில் அடங்கணும், அடுத்த க்யூ தானாக வரணுமா காத்திருக்கணுமா, எல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். ஷோ நடக்கும்போது நீங்க செய்ய வேண்டியது ஒரே வேலைதான்: சரியான நேரத்தில் ‘கோ’ பட்டனை அழுத்தணும். மேக் கம்ப்யூட்டரில் க்யூலேப், நம்ம லினக்ஸ் லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஷோ பிளேயர், எல்லாம் செய்வது இதைத்தான். 1983இல் வந்த மிடி மொழி, 1991இல் அதோடு சேர்ந்த மிடி ஷோ கண்ட்ரோல் இரண்டாலும் சவுண்ட், லைட், மேடை எந்திரம் மூன்றும் ஒரே கட்டளைக்குக் கட்டுப்பட ஆரம்பித்தன.

சரி, இந்தப் பட்டியல் கம்ப்யூட்டருக்குள் போவதற்கு முன்னால் எங்கே இருந்தது? மனுஷங்க காதிலும் தொண்டையிலும் இருந்தது. அந்தக் காலத்தில் ஆறு வயதில் மேடை ஏறி, அறுபது வயது வரை இறங்காத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் டி.கே.சண்முகம். ஊர் உலகம் அவரை அவ்வை சண்முகம் என்று கூப்பிட்டது.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நம்ம நல்லம்பள்ளி பக்கத்திலேயே அதியமான்கோட்டை இருக்கு. தினமும் பஸ்ஸில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கிட்டே வர்றவங்க நம்மில் பாதிப் பேர். தகடூர் என்ற பழைய பெயரில் இந்த மண்ணை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஒரு புலவருக்குக் கொடுத்தான். அந்தப் புலவர் அவ்வையார். சண்முகம் தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டது அந்த அவ்வையின் பெயரைத்தான். சும்மா வாங்கவில்லை. அதற்கு விலையாகத் தன் பற்களைக் கொடுத்தார்.

ஆறு வயதில் ஒரு அட்மிஷன்

சண்முகம் பிறந்தது 1912 ஏப்ரல் 26, திருவனந்தபுரத்தில். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை நாடக நடிகர், ஸ்திரீபார்ட் போடுபவர். பெண்கள் மேடை ஏறுவது அரிதாக இருந்த காலம் அது. ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். அண்ணன்கள் சங்கரன், முத்துசாமி. தம்பி பகவதி. பின்னால் இந்த நாலு பேரும் சேர்ந்துதான் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர்களானார்கள்.

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரு பாய்ஸ் கம்பெனி தொடங்கினார். பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. சண்முகமும் அண்ணன்களும் அதில் சேர்ந்தார்கள். ஆறு வயதுப் பையன். நாம எல்கேஜி முடித்து ஒண்ணாம் வகுப்புக்குப் போன வயது. பாய்ஸ் கம்பெனி என்றால் ஸ்கூல், ஹாஸ்டல், ஆபீஸ் மூன்றும் ஒரே கூரையின் கீழே. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், காலையில் பாடம், ராத்திரி நாடகம். ஊர் ஊராகப் போய் கொட்டகை போட்டு, வாரக்கணக்கில், சில ஊரில் மாதக்கணக்கில் தங்கி நடிப்பார்கள்.

சுவாமிகள் யார் என்று ஒரு வரியில் சொல்லணும்னா, இன்றைக்குத் தமிழ் நாடக உலகம் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடும் மனிதர். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பாட்டு, வசனம் எல்லாவற்றையும் தானே எழுதி, தானே சொல்லிக்கொடுத்து, மேடைக்குப் பக்கத்தில் நின்று நடத்தியும் வைப்பார். சின்னப் பையன் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை அவர் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்லும் செய்தி. அபிமன்யுவாக நடித்தது சண்முகம்தான்.

இப்போ ஒரு இன்ஜினியரிங் கேள்வி. மைக் கிடையாது. கொட்டகை நிறைய ஜனம். கடைசி வரிசையில் தரை டிக்கெட்காரர் உட்கார்ந்திருக்கார். அவருக்கு ஒரு சிறுவனின் குரல் எப்படிப் போய்ச் சேரும்? திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. 2 மீட்டரில் இருக்கிறவருக்குக் கேட்பதைவிட 32 மீட்டரில் இருக்கிறவருக்கு 24 டெசிபல் குறைவு. கொட்டகையின் சுவரும் கூரையும் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கால ஆட்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு சுருதி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்றால் ஸி, ஐந்து கட்டை என்றால் ஜி. சாதாரண ஆண்குரல் ஒரு கட்டைப் பக்கம் பாடும். மேடைப் பாடகர்கள் நாலு, ஐந்து என்று ஏறிப் பாடினார்கள். எஸ்.ஜி.கிட்டப்பாவின் புகழே அந்த உச்ச சுருதியில் இருந்தது. சுருதி ஏற ஏற, குரலின் சக்தி நம் காது நன்றாகக் கேட்கிற 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் அதிகமாகப் போய்ச் சேரும். பாய்ஸ் கம்பெனிகள் ஊரெல்லாம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். உடையாத சிறுவன் குரல் இயற்கையிலேயே உயர்ந்த சுருதி. கரண்ட் இல்லாமல் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர்!

மனுஷங்களால் ஆன க்யூ லிஸ்ட்

சத்தம் கேட்டால் மட்டும் போதாது. சரியான நேரத்தில் வரணும். இதற்கு அந்தக் கால மேடை ஒரு முழு சிஸ்டமே வைத்திருந்தது.

முதலில் ஆர்மோனியக்காரர். நடிகர் வசனத்தின் கடைசிச் சொல்லை இழுக்கும்போதே அடுத்த பாட்டின் சுருதியைப் பிடித்துக் கொடுக்கணும். பின்னால் கொடுத்தால் நடிகர் தவிப்பார், முன்னால் கொடுத்தால் வசனம் கெடும். அடுத்து மிருதங்கக்காரர், நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் தாளம் அவர் கையில். படுதா இழுப்பவருக்கு மணி. வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க மறைவில் ஒரு ஆள். இடி வேண்டும் என்றால் மெல்லிய தகரத்தைத் தொங்கவிட்டு உலுக்குவது, குதிரை வேண்டும் என்றால் கொட்டாங்குச்சியைத் தட்டுவது என்று உலகம் முழுக்க நாடகக்காரர்கள் செய்த வேலைகள் வேறு. இத்தனை பேரும் காத்திருப்பது ஒரே ஒரு விஷயத்துக்காக: நடிகரின் வாயிலிருந்து வரும் கடைசிச் சொல். நம்ம மொழியில் சொன்னா, அது ட்ரிக்கர்.

இந்த சிஸ்டத்துக்கு நடுவில் ஆறு, ஏழு வயதில் ஒரு பையனை நிறுத்தினால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? வசனம் மனப்பாடம் ஆகும், பாட்டு வரும். அதற்கும் மேலே, கேட்கக் கற்றுக்கொள்வான். தன் குரல் முடியும் இடத்தில் இன்னொருத்தர் வேலை தொடங்குகிறது என்பது அவன் உடம்பில் ஏறிவிடும். நீங்க கம்ப்யூட்டரில் ஒரு க்யூவை எவ்வளவு அழகாக எழுதினாலும், நடிகர் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டால் ‘கோ’ அழுத்தும் விரல் தடுமாறும், இல்லையா? அந்தக் காலத்தில் அப்படி விழுங்கினால் மேடையே நின்றுவிடும்.

இந்தப் படிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சுவாமிகளைப் பாரிசவாயு தாக்கியது. கை கால் விழுந்தது, பேச்சும் போனது. ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பிள்ளைகள் வாயில் ஏற்றிவைத்த மனிதர், கடைசி நாட்களில் பேச முடியாமல் அந்தப் பிள்ளைகளின் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அப்போது சண்முகத்துக்குப் பத்து வயது. குரல் என்பது எவ்வளவு பெரிய சொத்து, அது எவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்பதைப் பத்து வயதிலேயே பக்கத்தில் இருந்து பார்த்த பையன் அவர்.

மகரக்கட்டு

பாய்ஸ் கம்பெனியில் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு எக்ஸ்பயரி டேட் உண்டு. பதின்மூன்று, பதினாலு வயதில் குரல் உடையும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். குரல் நாண்கள் நீளும், தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அந்த மாற்றம் நடக்கும் மாதங்களில் குரல் எங்கே நிற்கும், எங்கே பிசிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று வரை ராஜபார்ட். இன்றைக்கு கும்பலில் ஒருத்தன், இல்லை வீட்டுக்கு டிக்கெட். படிப்பு கிடையாது, வேறு தொழில் தெரியாது. குரலை வைத்து வேலைக்கு எடுத்தவர்கள் குரல் போனதும் அனுப்பிவிடுவது அந்தத் தொழிலின் கொடுமை. நம்ம வயசுக்கு ஐந்தாறு வருஷம் முன்னாலேயே கேரியர் முடிந்துபோன பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், யோசிச்சுப் பாருங்க.

சண்முகம் சகோதரர்கள் அந்த வயதை நெருங்கும்போது, 1925இல், திருவனந்தபுரத்தில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஸ்ரீபால சண்முகானந்த சபை. சண்முகத்துக்கு அப்போதுதான் பதின்மூன்று ஆகப்போகிறது. மூத்தவர் சங்கரன் நிர்வாகம், முத்துசாமி எழுத்து, சண்முகமும் பகவதியும் நடிப்பு என்று வேலை பிரிந்தது. பின்னாளில் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த என்.எஸ்.கிருஷ்ணன் இந்தக் கம்பெனியில் வளர்ந்தவர்தான். கே.ஆர்.ராமசாமி, எஸ்.வி.சகஸ்ரநாமம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

குரல் உடைந்தாலும் மேடையில் நிற்க வழி உண்டா? அந்த வழியைக் காட்டியதில் எம்.கந்தசாமி முதலியாருக்குப் பெரிய பங்கு உண்டு. நடிகர் எம்.கே.ராதாவின் அப்பா. அவர் இந்தப் பையன்களுக்கு ஆசிரியராக வந்து, ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களை நாடகமாக்கி நடிக்க வைத்தார். ‘ராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, ‘மேனகா’ எல்லாம் அப்படி வந்தவை. புராண ராஜாக்கள் போய், கோட்டு போட்ட வக்கீலும் திருட்டுத் துப்பும் வீட்டுச் சண்டையும் மேடைக்கு வந்தன.

இது கதை மாற்றம் என்று மட்டும் நினைக்காதீங்க. சவுண்டே மாறியது. பாட்டுக்கு உயிரெழுத்து போதும். ‘ஆ’வை நீட்டினால் கடைசி வரிசைக்குப் போய்விடும். பேச்சு அப்படி இல்லை. சொல் புரிவதற்கு மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கணும். ஆனால் மெய்யெழுத்தில் சக்தி குறைவு, தூரம் போனால் முதலில் கரைந்துபோவது அதுதான். அதனால் நடிகன் சுருதியில் ஏறி ஜெயிக்க முடியாது. உச்சரிப்பாலும் இடைவெளியாலும் ஜெயிக்கணும். எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனம் மூச்சைப் பிடித்துக் கேட்கும் என்பது புதிய கணக்கு. சிறுவன் குரலை இழந்த பையன்களுக்கு இந்தக் கணக்கு ஒரு இரண்டாம் வாழ்க்கையைக் கொடுத்தது.

1935இல் ‘மேனகா’ சினிமாவாக வந்தது. ராஜா சாண்டோ இயக்கம். சகோதரர்கள் நடித்தார்கள், என்.எஸ்.கிருஷ்ணனும் நடித்தார். 1941இல் அவர்களுடைய இன்னொரு நாடகமான ‘குமாஸ்தாவின் பெண்’ணும் படமானது. சினிமாவில் காசும் புகழும் கண் முன்னால் தெரிந்தன. அங்கேயே தங்கியிருக்கலாம். சண்முகம் திரும்பத் திரும்ப மேடைக்கே வந்தார்.

முப்பது வயதில் ஒரு கிழவி

1942. சண்முகத்துக்கு முப்பது வயது. ‘அவ்வையார்’ நாடகம் போட முடிவானது. அவ்வை வேடம் அவருக்கு.

பிரச்சினையை இன்ஜினியர் கண்ணோடு பாருங்க. முப்பது வயது ஆண். அவர் பல் போன ஒரு கிழவியாகப் பேசணும், பாடணும், அதுவும் ராத்திரி முழுக்க. நரைத்த முடி, கூனல், கைத்தடி, விபூதி எல்லாம் மேக்கப் பெட்டியில் கிடைக்கும். குரல்? அடித்தொண்டையை நெருக்கி நடுங்க வைத்தால் பத்து நிமிஷம் தாங்கும், அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளும். வாயை மடித்துப் பேசினால் சொல் புரியாது.

சண்முகம் பற்களைப் பிடுங்கிக்கொண்டார்.

படிக்கும்போது ஒரு நிமிஷம் நாக்கு தானாகப் பல்லைத் தடவிப் பார்க்குதுல்ல? இந்த முடிவு ஏன் வேலை செய்யும் என்பதைத் தொல்காப்பியமே நமக்குச் சொல்லும். அதன் பிறப்பியல், எழுத்து பிறக்கும் இடங்கள் எட்டு என்கிறது: தலை, கழுத்து, நெஞ்சு, பல், உதடு, நாக்கு, மூக்கு, மேல்வாய். குரல் நாணில் பிறக்கும் ஒலி வெறும் மூலப்பொருள். அதை வடிகட்டி எழுத்தாக்குவது வாய். நம்ம சிக்னல் பிராசஸிங் பேப்பரில் படிக்கிற சோர்ஸும் ஃபில்டரும் இதுவேதான். பல்லை எடுத்தால் ஃபில்டரே மாறிவிடும். ‘த’, ‘ந’ இரண்டும் நாக்கு பல்லைத் தொட்டால் பிறப்பவை, அவை குழைந்துவிடும். பல்லில் காற்று மோதும் ‘ஸ்’ ஒலி மங்கும். உதடு உள்வாங்கும். கன்னம் ஒட்டும். தொண்டையை நெருக்காமலேயே கிழவியின் பேச்சு வந்துவிடும். நாலு மணி நேரம் பேசினாலும் மாறாது, முதல் வரிசைக்காரர் உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது.

ஆனால் ஒரு நாள் ஷோவுக்கு ப்ரீசெட் போட்டு மறுநாள் பழையபடி மாற்றிக்கொள்ளும் விஷயம் இல்லை இது. கழற்றிய பல் திரும்ப முளைக்காது. அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவது, மற்ற நாடகங்களில் ராஜாவாகவும் இளைஞனாகவும் நிற்பது, எல்லாவற்றுக்கும் அவர் அந்த முடிவோடுதான் வாழணும். முப்பது வயதில் ஒரு நடிகன் தன் முகத்தையே பணயம் வைத்தான் என்றுதான் இதைச் சொல்லணும்.

ஜனம் அதற்குக் கொடுத்த பதில் ஒரே சொல்: அவ்வை. அன்றிலிருந்து அவர் அவ்வை சண்முகம். விருதுக் குழுவோ அரசாங்கமோ கொடுத்த பட்டம் இல்ல, பார்த்தவர்கள் வாயில் ஒட்டிக்கொண்ட பெயர். அதியமான் கொடுத்த நெல்லிக்கனியைத் தின்ன கிழவியின் பெயர், ஒரு ஆண் நடிகருக்கு நிரந்தர அடையாளமானது.

பட்டனை விட்டுப் போகாத மனிதர்

நாற்பதுகளில் சினிமா மேடையை விழுங்கத் தொடங்கியது. கொட்டகைகள் டாக்கீஸ் ஆயின. கம்பெனிகளின் நல்ல நடிகர்கள் ஒவ்வொருவராகப் படத்துக்குப் போனார்கள். சண்முகம் அதைப் பார்த்துப் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலைக்கென ஒரு மாநாடு கூட்டினார். நாடகக்காரர்களையும் எழுத்தாளர்களையும் அரசியல் மேடைக்காரர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, இந்தக் கலை பிழைக்க என்ன செய்யணும் என்று பேச வைத்தார். 1950இல் கம்பெனியின் வெள்ளி விழாவோடு டி.கே.எஸ். சகோதரர்கள் என்ற பெயர் நிலைத்தது.

1955இல் அரு.ராமநாதன் எழுதிய ‘ராஜராஜ சோழன்’ மேடை ஏறியது. டி.கே.எஸ். பெயரைச் சொன்னால் அவ்வையாருக்கு அடுத்து ஜனங்களுக்கு நினைவு வந்தது அந்த நாடகம்தான். இந்தக் காலத்தில் மைக் மேடைக்கு வந்துவிட்டது. ஐந்து கட்டையில் பாடணும் என்ற கட்டாயம் போய்விட்டது. மெல்லப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது. மைக் இல்லாத கொட்டகையில் வளர்ந்து, மைக் உள்ள மேடையிலும் ஜெயித்த தலைமுறை அது. முந்தைய கட்டுப்பாடு அவர்கள் உடம்பில் அப்படியே இருந்தது. மைக் அதற்கு மேலே கிடைத்த போனஸ்.

சென்னையில் அந்த நாடக சபையில் ஐம்பது, அறுபதுகளைத் தாண்டியும் பயிற்சி நடந்துகொண்டே இருந்தது. அங்கே வந்து சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் கமல்ஹாசன். 1996இல் அவர் கிழவி வேடம் கட்டி நடித்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று ஏன் பெயர் வந்தது என்பது இப்போ உங்களுக்குப் புரியும். படத்தைப் பத்துத் தடவை டிவியில் பார்த்த நமக்கு, அந்தப் பெயர் ஒரு ஆசிரியருக்குச் செய்த வணக்கம் என்று தெரியாமலே போய்விட்டது.

சண்முகம் எழுதவும் செய்தார். ‘நாடகக்கலை’ என்று ஒரு நூல். ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற தன்வரலாறு 1972இல் வந்தது. ஒரு கம்பெனி ஊர் ஊராக எப்படி அலைந்தது, எங்கே கடன் பட்டது, யார் கைகொடுத்தார் என்று கணக்குப் புத்தகம் போல அதில் எழுதிவைத்திருக்கிறார். 1971இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1973 பிப்ரவரி 15 அன்று காலமானார். அறுபத்தொரு வயது நிறையவில்லை.

அவர் மறைந்த சில வாரங்களில் ‘ராஜராஜ சோழன்’ சினிமாவாகத் திரைக்கு வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், சிவாஜி கணேசன் நாயகன். இயக்கியவர் ஏ.பி.நாகராஜன். சின்ன வயதில் டி.கே.எஸ். கம்பெனியில் பெண் வேடம் கட்டி வளர்ந்த பையன் அவர். சென்னையின் லாயிட்ஸ் சாலை இன்றைக்கு அவ்வை சண்முகம் சாலை.

நம்ம லேப்டாப்புக்கு இதில் என்ன இருக்கு?

இப்போ நம்ம ஆடிட்டோரியத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் நமக்குக் கொடுத்தது சின்ன விஷயம் இல்ல. முதல் ஷோவில் வந்த இடி நூறாவது ஷோவிலும் அதே அளவில் வரும். ஒலி ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கருக்கு நூறு மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தால், சத்தம் மேடையிலிருந்தே வருவது போல இருக்கும். இதையெல்லாம் தகரத்தை உலுக்கின கை செய்ய முடியாது. கிழவி குரல் வேணும்னா ஒரு ப்ளகின் போட்டு அரை நிமிஷத்தில் கொண்டுவரலாம். யாரும் பல்லைப் பிடுங்க வேண்டாம், தயவுசெய்து பிடுங்கவும் வேண்டாம்!

ஆனா நம்ம நாடகங்களில் சவுண்ட் சொதப்புவது சாஃப்ட்வேராலயா? பெரும்பாலும் இல்ல. க்யூ லிஸ்ட் போடுபவர் ஒத்திகைக்கே வந்திருக்க மாட்டார். கடைசி நாள் பென் டிரைவில் பாட்டு வாங்கி வரிசையாகப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நடிகருக்கோ தன் கடைசிச் சொல்லுக்கு இன்னொருத்தர் காத்திருக்கிறார் என்றே தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி முடிப்பார். ட்ரிக்கர் இல்லாத சிஸ்டம் எப்படி ஓடும்?

அதனால சண்முகம் வளர்ந்த கொட்டகையிலிருந்து மூணு பழக்கத்தை எடுத்துக்கலாம். ஒண்ணு, சவுண்ட் பார்ப்பவர் முதல் ஒத்திகையிலிருந்தே உட்காரணும், கையில் ஸ்கிரிப்டோட. ஆர்மோனியக்காரர் அப்படித்தான் உட்கார்ந்தார். ரெண்டு, ஒவ்வொரு க்யூவுக்கும் பக்கத்தில் நேரத்தை எழுதாம சொல்லை எழுதுங்க. மூன்று நிமிஷம் இருபது செகண்ட் என்று எழுதினால் நடிகர் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்தாலே தப்பிவிடும். மூணு, மைக் இல்லாமல் ஒரு முழு ஒத்திகை பண்ணுங்க. கடைசி வரிசையில் ஒருத்தரை உட்கார வைங்க. எந்தச் சொல் அவருக்குக் கேட்கலையோ அந்தச் சொல்லை முதலில் நடிகரிடம் சரிசெய்யுங்க, அப்புறம் ஈக்வலைசரைத் தொடுங்க.

இன்னொன்றும் செய்யலாம். நம்ம நல்லம்பள்ளி சுத்துப்பட்டு ஊர்களில் திருவிழாவுக்குத் தெருக்கூத்து நடக்கும். அடுத்த தடவை நோட்டீஸ் பார்த்தீங்கன்னா ராத்திரி போய், மேடைக்கு முன்னால உட்காராம, முகவீணையும் மிருதங்கமும் இருக்கிற பக்கமா உட்காருங்க. கூத்தாடி அடவை முடிக்கும் முன்னாலயே மிருதங்கக்காரர் கண் எங்கே போகுது, முகவீணைக்காரர் எந்தச் சொல்லில் மூச்சை நிரப்புறார், கட்டியங்காரன் இழுத்துப் பேசும்போது மத்தவங்க எப்படிக் காத்திருக்காங்கன்னு விடியுற வரைக்கும் பாருங்க. பார்த்துட்டு வந்து உங்க க்யூ லிஸ்ட்டைத் திருத்துங்க.